முதலாளி பெட்டியில் ஏறும் நாள்

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில் சுவருக்கு வேலை அதிகம்.

“சாப்பாட்டு டப்பா மேஜை மேல இருக்கு,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் அக்கா.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது,” என்று அதே சுவருக்குப் பதில் சொன்னார் ஃபிட்டர்.

ஒரு வாரமாக இப்படித்தான். வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட ஒரே ஒரு தம்பிதான் உண்டு. ஆனால் அவள் வேலை பார்க்கும் மிருகக்காட்சிசாலையில் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் முதல், அவளைவிட மூத்த மேலாளர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். கரடிகளைப் பார்த்துக்கொள்கிறவள். கணவர் அதே இடத்தில் பட்டறை ஃபிட்டர். தம்பி அங்கேயே மிருக டாக்டர். மிருகங்களைத் தவிர வேறு சொந்தபந்தமே கிடையாதா என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

சண்டை எப்படி வந்தது என்பது இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி.

நகரத்தின் நடுவே இருக்கும் அந்தப் பழைய மிருகக்காட்சிசாலையில், கரடிக் குழியின் சுவர் மழையில் விரிசல் விட்டுவிட்டது. மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பூங்காவுக்குக் கிழக் கரடியை அனுப்ப வேண்டும். பழகிய ஆள் ஒருவர் கூடவே போய் அரை வருஷமாவது தங்க வேண்டும். மேலாளர் கேட்ட அந்த நிமிஷமே அக்கா “போறேன் சார்” என்று சொல்லிவிட்டாள். ஃபிட்டருக்கு அந்தச் செய்தி மனைவி வாயால் வரவில்லை. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சமையல்காரர் வாயால் வந்தது.

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?” என்று கேட்டார்.

“கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவீங்க?” என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. சுவர் வேலைக்கு வந்தது.

இன்று அந்த நாள். சாவியை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் நடந்தாள். நேற்றே கட்டி வைத்த துணிப்பை தோளில் இருந்தது. ஃபிட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனார்.

கரடிக் குழி என்பது பெயருக்கேற்ற குழிதான். வட்டமாகக் கல் சுவர், நடுவில் ஏறி விளையாட ஒரு பருத்த மரத்தூண், மேலே சுற்றிலும் கம்பி வேலி. அதைக் கட்டியவர்கள் காலத்தில், மிருகத்தைத் தலை குனிந்து பார்ப்பதுதான் பெருமை என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்தக் கரடி பிறந்ததே அங்கேதான். அதைப் பொறுத்தவரை மனிதர் என்றால் ஒரு முகவாயும் இரண்டு மூக்குத் துவாரமும்தான். முழு முகமாக அதற்குத் தெரிந்தவள் அக்கா ஒருத்தி.

எதற்கும் அவசரப்படாது, எழுப்பினால் முறைக்கும், சாப்பாடு தாமதமானால் கணக்குக் கேட்பதுபோல வந்து நிற்கும். அதனால் எல்லாரும் அதற்கு வைத்த பெயர் முதலாளி.

குழியின் தரையில், கரடி படுக்கும் அறை வாசலோடு சேர்த்து ஒரு பெட்டி வைக்கப்பட்டிருந்தது. இரும்புக் கம்பி, மரத்தளம், மேலே தூக்கி இறக்கும் கதவு. இரண்டு மாதமாக அக்கா முதலாளிக்கு அந்தப் பெட்டிக்குள்தான் சாப்பாடு வைத்தாள். முதல் வாரம் மூக்கை மட்டும் நீட்டியது. பிறகு கால். பிறகு முழு உடம்பு. கடைசியில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே குறட்டை விடும் அளவுக்குச் சொந்தமாக்கிக்கொண்டது. இன்று வழக்கம்போல உள்ளே போகும், கதவை இறக்கிவிடலாம், கிரேன் பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்கும். எளிமையான திட்டம்.

முதலாளி போகவில்லை.

அறை வாசல்வரை வந்தது. தேன் தடவிய ரொட்டி பெட்டியின் கடைசியில் இருப்பதைப் பார்த்தது. தளத்தை மோந்தது. தும்மியது. திரும்பி நடந்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

“வாங்க முதலாளி. என்ன கோபம்?” என்றாள் அக்கா.

முதலாளி சுவரைப் பார்த்தது. வீட்டில் பார்த்த அதே காட்சி இங்கேயுமா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவள் குனிந்து பெட்டியின் தளத்தைத் தடவினாள். புதுப் பலகை. வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. போல்ட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்று முந்தாநாள் பட்டறைக்குக் கொண்டுபோன பெட்டி, இன்று காலைதான் திரும்பி வந்திருந்தது. இரண்டு மாதமாக முதலாளி படுத்து, புரண்டு, நகத்தால் கீறி வைத்திருந்த பலகை ஒன்றுகூட அதில் இல்லை.

கிரேன் பக்கத்தில் மேலாளரோடு நின்றிருந்தார் ஃபிட்டர். அக்கா நேராக அவரிடம் போனாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சுவர் இல்லாமல் அவரிடம் பேசினாள்.

“பழைய பலகை எங்க?”

“அது உளுத்துப் போச்சு. பாரம் தாங்காது.”

“எங்கன்னு கேட்டேன்.”

“விறகுக்குப் போயிடுச்சு.”

பொய். பலகைகள் அத்தனையும் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் முழுசாக இருந்தன. அடித்தாலும் உடையாத பலகைகள். ஃபிட்டர் வேண்டுமென்றேதான் மாற்றினார்.

அவருக்குக் கரடி மேல் பகை இல்லை. மனைவி போகக்கூடாது, அவ்வளவுதான். கரடி ஏறாவிட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் நியாயமும் இருந்தது. அந்த மிருகக்காட்சிசாலையில் எதுதான் சொன்ன நாளில் நடந்திருக்கிறது? ஒட்டகச்சிவிங்கி வீட்டுக்குக் கூரை போடுகிறோம் என்றார்கள், குட்டி வளர்ந்து தாயாகிவிட்டது, கூரை வரவில்லை. பறவைக் கூடத்தின் கண்ணாடியை மாற்றுகிறோம் என்ற அறிவிப்புப் பலகையே துருப்பிடித்துக் கீழே விழுந்துவிட்டது. ஒரு மாதம் தள்ளிப்போனால் அதற்குள் வேறு ஆளைப் பிடிப்பார்கள், அவள் மனசும் மாறும் என்று நம்பினார்.

ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவள் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அக்காவிடம் வந்தார்.

“அக்கா, ராத்திரி மழையில இன்னும் ரெண்டு கல்லு விழுந்திருக்கு. இன்னைக்கே காலி பண்ணியாகணும்னு இன்ஜினீயர் கறாரா சொல்லிட்டார். இருட்டறதுக்குள்ள அங்க இறக்கணும்னா மதியம் லாரி கிளம்பணும்.”

“ஏறிடும் சார். கொஞ்சம் டைம் குடுங்க.”

“ஏறலைன்னா?”

அதற்குப் பதிலாகத் தம்பி டாக்டர் தன் நீளப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். மயக்க ஊசித் துப்பாக்கி. அக்காவின் முகம் இறுகியது.

“அதை மூடி வைடா.”

“அக்கா, எனக்கு மட்டும் ஆசையா?”

“மூடி வைன்னேன்.”

மேலே கம்பி வேலியைச் சுற்றி ஜனங்கள் சேர்ந்துவிட்டார்கள். கரடிக்கு விடைகொடுக்க வந்த கூட்டம். சின்ன வயசில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இதே கரடியைப் பார்த்தேன் என்று சொல்லும் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, “ஏறாது, எனக்கு அதோட குணம் தெரியும்,” என்று தெரியாத ஆட்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். “சத்தம் போடறவங்க எல்லாம் நீர்யானையைப் போய்ப் பாருங்க. அதுக்குக் காது அவ்வளவா கேக்காது.”

கூட்டம் வாயை மூடியது. நீர்யானைக்கு நன்றாகவே காது கேட்கும். அது இப்போது முக்கியமில்லை.

அவள் முயற்சியை விடவில்லை. வைக்கோலைக் கொண்டுவந்து பரப்பினாள். தன் பழைய மேல்சட்டையை உள்ளே விரித்தாள். அறையின் கம்பிக் கதவைச் சாத்திவிட்டுத் தானே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கம்பி இடைவெளி வழியாக ஆப்பிளை உருட்டிவிட்டாள். முதலாளி ஒருமுறை பாதி தூரம் வந்தது. வார்னிஷ் வாடை பட்டதும் பின்வாங்கியது. பிறகு அசையவே இல்லை. சூரியன் குழியின் நடுத்தூணுக்கு நேர் மேலே வந்துவிட்டது.

“டாக்டர், ரெடி பண்ணுங்க,” என்றார் மேலாளர். அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை.

தம்பி மருந்தை ஏற்ற ஆரம்பித்தான். அளவைப் பார்த்தான், திரும்பக் கொட்டினான், மறுபடி ஏற்றினான். பக்கத்தில் வந்து நின்ற ஃபிட்டர், “எதுக்குடா யோசிக்கற? தூங்க வைக்கறதுதானே?” என்றார்.

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

“தூங்கினா எந்திரிக்காம போகலாம் மாமா.”

“என்ன சொல்ற?”

“அதோட இதயம் ரொம்ப பலவீனமாயிருக்கு. போன வாரம்தான் பார்த்தோம். மயக்க மருந்து தாங்குமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அதனாலதானே அக்கா ஊசியே வேணாம்னு இந்தப் பாடு படறா. உங்ககிட்ட அவ சொல்லலையா?”

ஃபிட்டர் திரும்பினார். பெட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் ஆப்பிளை நீட்டிக்கொண்டு, “வாங்க, வாங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் யாரிடமும் கெஞ்சி அவர் பார்த்ததில்லை.

அவர் பெட்டியருகில் போனார்.

“வெளிய வா.”

“இப்ப வேணாம்.”

“பலகை இருக்கு.”

அக்கா கையில் இருந்த ஆப்பிளைக் கீழே வைத்தாள்.

“பட்டறைல இருக்கு. ஒண்ணும் உளுத்துப்போகல. நான்தான் வேணும்னே மாத்தினேன். தள்ளிப்போகும்னு நெனச்சேன். ஊசி போடுவாங்கன்னு தெரியாது. இதயம் கெட்டிருக்குன்னு தெரியாது.”

அவள் அவரையே பார்த்தாள். கோபம் வந்தது. கையில் கிடைத்ததை எடுத்து வீசலாம் என்றுகூட வந்தது. அவள் எழுந்து வெளியே வந்து, முழங்காலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினாள்.

“எவ்வளவு நேரத்துல மாத்தலாம்?”

“ஒரு ஆள் கூட இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்.”

“தம்பி, துப்பாக்கிய வைச்சிட்டு இவரோட போ. சார்கிட்ட நான் பேசிக்கறேன்.”

பட்டறை மிருகக்காட்சிசாலையின் அந்தக் கோடி. நாலு பலகையையும் சேர்த்துக் கட்டி, ஒரு முனையை மாமாவும் மறுமுனையை மச்சானும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீர்நாய்க் குளத்தைத் தாண்டும்போது தம்பி ஆரம்பித்தான்.

“‘போகாதே’ன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன மாமா?”

“சொன்னா நின்னுடுவாளோன்னு பயம்.”

“என்னது?”

“நான் சொல்லி அவ நின்னா, ஆயுசு பூரா அது என் தலைமேல நிக்கும். யார் மேலயும் பழி வராம, தானா நின்னுபோகட்டும்னு பார்த்தேன்.”

“நல்லா பார்த்தீங்க!”

“திட்டு. பலகையைச் சாய்க்காம திட்டு.”

பறவைக் கூடத்தின் வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. “வழி, வழி!” என்று கத்தினார்கள். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிப் பலகையை நக்கப் பார்த்தது. ஐஸ்கிரீம் கையோடு வந்த ஒரு அம்மாள் ஒதுங்கி நின்று, “கரடிக்குச் சவப்பெட்டியா?” என்று கேட்டுவிட்டாள். ஃபிட்டர் நின்றுவிட்டார். தம்பி பின்னாலிருந்து முட்டினான்.

“நடங்க மாமா. இன்னும் எதுவும் ஆகல.”

குழிக்கு வந்ததும் முதலாளியின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். ஃபிட்டர் மல்லாந்து படுத்துக்கொண்டு புதுப் பலகைகளைக் கழற்றினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் கை நீட்டினால் எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே வைத்தாள். ஒருமுறை விரல் நசுங்கி ரத்தம் வந்தது. அவள் தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். கட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி போல்ட்டை முறுக்கினார்கள். பழைய பலகையில் நகக் கீறல்களும் கறையும் அப்படியே இருந்தன. நம் மூக்குக்குச் சகிக்காத ஒரு வாடை. அக்கா அதை முழுசாக இழுத்து மூச்சு விட்டாள்.

அறைக் கதவு திறந்தது.

முதலாளி எழுந்திருக்கவே யோசித்தது. பிறகு மூக்கு அசைந்தது. வாசலுக்கு வந்தது. தளத்தை மோந்தது. ஒரு முன்னங்காலை உள்ளே வைத்தது. மேலே கூட்டத்தில் யாருடைய போனோ அலறியது. கால் வெளியே வந்துவிட்டது. வழுக்கைத் தலைக்காரர் பக்கத்து ஆளின் போனைப் பிடுங்கித் தன் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டார். அதுவரை ஏறாது என்று சொன்ன மனிதருக்கு இப்போது கண்ணில் தண்ணீர்.

“நம்ம இடம்தான் முதலாளி,” என்றாள் அக்கா. “வாங்க.”

முன்னங்கால். இன்னொரு முன்னங்கால். தொப்பை. பின்பக்கம். உள்ளே போய், வழக்கமான மூலையில் ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று உட்கார்ந்தது. ரொட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

அக்கா கையால் சைகை காட்டினாள். ஃபிட்டர் கதவை இறக்கினார். கைதட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால், மேலே முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

மேலாளர் பலகையையும் ஃபிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விறகுக்குப் போச்சுன்னு சொன்னீங்களே?”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபிட்டர் அவனைத் தடுத்தார்.

“பொய் சொன்னேன் சார். இவ போகக்கூடாதுன்னு நான்தான் மாத்தினேன்.”

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க,” என்றார். பிறகு கிரேன்காரரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்தார்.

பெட்டி லாரியில் ஏறியது. டிரைவர் என்ஜினை ஓடவிட்டார். தம்பி முன் இருக்கையில் ஏறி அக்காவுக்கு இடம் விட்டான். அவள் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். ஃபிட்டர் கட்டுப் போட்ட விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நாளைக்கு அவர் கேக்கும்போது எல்லாத்தையும் சொல்லுங்க,” என்றாள். “வீட்ல சொல்லாம நான் ஒத்துக்கிட்டதையும் சொல்லுங்க. முதலாளிக்கு இதயம் சரியில்லைன்னு தெரிஞ்சும் உங்ககிட்ட வாயைத் திறக்காம இருந்ததையும் சொல்லுங்க. அது என் தப்பு. பலகை உங்க தப்பு. ரெண்டையும் சேர்த்துப் போட்டு ஒண்ணை ஒண்ணு மறைக்க வேண்டாம்.”

“வேலை போயிடும்.”

“போகலாம்.”

“நீ இருந்தா...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஒரு வாரமாக அவர் சொல்லாத வார்த்தை இப்போதும் வரவில்லை.

இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாளைக்குக் காலை அந்த அறை வாசலில் இந்த மனிதர் தனியாக நிற்பார். அவள் பக்கத்தில் நின்றால் மேலாளர் பாதிக் கோபத்தோடு விட்டுவிடுவார். ஆனால் பின்னால் பெட்டியில் இருக்கும் முதலாளிக்கு முழு முகமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லாரி மெதுவாக நகர்ந்தது. பழைய இரும்பு வாசலைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த பெரிய சாலையில் திரும்பியது. அக்கா பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதலாளி கன்னத்தைப் பலகையில் வைத்துப் படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது.

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். “யாரோ ஓடி வராங்க,” என்றார்.

தம்பி தலையை வெளியே நீட்டினான். “மாமாதான். அக்கா, கையை ஆட்டிக்கிட்டு ஏதோ கத்தறார்.”

“என்ன கத்தறார்?”

“சரியா கேக்கல. ‘போகாதே’ங்கறாரா, ‘போயிட்டு வா’ங்கறாரா... நிறுத்தச் சொல்லவா?”

அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. கண்ணீர் முகவாய்வரை வந்துவிட்டது, அவள் துடைக்கவும் இல்லை. நிறுத்து என்று சொல்ல உதடு துடித்தது. சாலை மேட்டில் லாரி ஒருமுறை குலுங்க, முதலாளி கண்ணைத் திறந்து அவளைத் தேடியது.

“நிறுத்தாதீங்க. பிரேக் போட்டா இது பயந்து எழுந்துடும்.”

“அப்போ மாமா?”

“மலையடிவாரத்துக்குத் தினமும் பஸ் போகுதுடா,” என்றாள் அக்கா. “போன் போட்டு, நாளைக்கு அந்த ரூம்ல உண்மையைச் சொல்லிட்டு ஏறச் சொல்லு.”